நான்கு உள்ளங்கை ரப்பர்

ரப்பர் கொட்டையைச் சிமெந்துத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் நிற்பவன் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? 'சுரீர்' என்று இருக்கும். கெடாவில் தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள். பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் எங்களுக்கு இதுதான் விளையாட்டு. வெயில் ஏறினால் மரத்துக் காய்கள் 'பட்' 'பட்' என்று வெடிக்கும், கொட்டைகள் தெறித்து விழும், நாங்கள் பொறுக்கிப் பைகளில் நிரப்பிக்கொள்வோம். தேய்த்தால் சூடு வரும் என்பதை எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு காடியில் வெகுதூரம் போகப் போகிறீர்களா? அந்தக் கொட்டையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் அது நமக்குப் பல இடங்களில் உதவும்.

முதலில் எங்கள் வீட்டுப் பயணக் கதை ஒன்று. அப்போது வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முடிந்திருக்கவில்லை. கெடாவின் வடகோடியில் உள்ள புக்கிட் காயூ ஹீத்தாமிலிருந்து ஜோகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994 செப்டம்பர் 8ஆம் நாள். அதற்கு முன்பெல்லாம் கோலாலம்பூர் பக்கம் போக வேண்டும் என்றால் பழைய சடக்குதான். தைப்பிங், கோல கங்சார், ஈப்போ, தாப்பா என்று ஒவ்வோர் ஊருக்குள்ளும் புகுந்து புகுந்து போக வேண்டும்.

கிள்ளானில் அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். சித்தப்பாவின் பழைய காடி. பெரியவர்களும் பிள்ளைகளுமாக எட்டுப் பேர். பின்னால் சாமான் பெட்டியில் துணிமணி, முறுக்கு டின், அத்தைக்கென்று ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கு. காடியின் பின்புறம் தாழ்ந்து கிடந்தது. "பரவாயில்லப்பா, போயிடலாம்" என்றார் சித்தப்பா. விடிந்த பிறகுதான் கிளம்பினோம். தஞ்சோங் மாலிம் தாண்டியபோது உச்சி வெயில். திடீரென்று 'டமார்' என்று ஒரு சத்தம். காடி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு புல்லில் இறங்கி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. பின் டயர் ஒன்று கிழிந்து நார் நாராகத் தொங்கியது.

பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி இறங்கி வந்தார். கிழிந்த டயரை அவர் பார்க்கவில்லை. மற்ற மூன்று டயர்களையும் ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. தொட்டுப் பாரு." தொட்டேன், உடனே கையை எடுத்துவிட்டேன். தேய்த்த ரப்பர் கொட்டை போலச் சுட்டது.

"காத்துக் கம்மி, பாரம் அதிகம், வெயில் வேற. அது என்னடா பண்ணும் பாவம்" என்றார் அவர். டயரைப் 'பாவம்' என்று சொன்ன மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த ஒரு வரியில் இருந்த அறிவியல் முழுவதும் எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அதைத்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

டயர் எங்கிருந்து வருகிறது? கடையிலிருந்து என்று சொல்லாதீர்கள். அதற்கும் முன்னால் அது ஒரு மங்கில் இருந்தது.

பால் மரத்தில் உளியால் சாய்வாகக் கீறினால் பால் வழிந்து மங்கில் சொட்டும். அந்தப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதில் ஃபார்மிக் அமிலம் கலந்தால் தயிர் போல உறையும். உறைந்ததை உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகையில் உலர்த்துவார்கள். தோட்டத்து ஸ்டோர் பக்கம் போனால் மூக்கைத் துளைக்குமே ஒரு வாடை, அதை அறிந்தவர்கள் ஆயுள் முழுவதும் மறக்க மாட்டார்கள்.

இந்த மரத்துக்கு நம் நாடு தாய்வீடு கிடையாது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் அருகே உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் மிகச் சிலவே முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராவின் கோல கங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஈப்போ பக்கம் போகும்போது கொஞ்சம் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் கொள்ளுத்தாத்தாக்களைக் கப்பலேற்றி இந்த மண்ணுக்கு வரவழைத்த மரங்களில் மூத்தது அது.

1888ஐ மட்டும் மறக்காதீர்கள். அந்த ஆண்டில்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக வந்தார். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை அவர்தான் வகுத்தார். அதே 1888இல், கடல்களுக்கு அப்பால் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்று அடைத்த ரப்பர் டயரைப் பதிவு செய்தார். (ராபர்ட் தாம்சன் என்பவர் 1840களிலேயே இந்த யோசனைக்கு உரிமை பெற்றிருந்தார். ஆனால் அப்போது அதை வாங்கிப் பூட்ட ஆளில்லை.) ஒருவர் மரத்தை வாழ வைத்தார், இன்னொருவர் அந்த மரத்துப் பாலுக்கு வேலை கொடுத்தார். பிறகு காடிகள் பெருகின. கெடாவில் காடுகள் தோட்டங்களாயின. சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ், பீடோங் என்று நம் ஊர்களைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பால் மரம் என்றானது.

தோட்டத்துப் பிள்ளைகள் ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்வார்கள். நன்றாகத் துள்ளும். ஆனால் வெயிலில் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். டயர் அப்படி ஒட்டுவதில்லையே, ஏன்? தட்டில் இருக்கும் மீ கோரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மூலக்கூறுகள் அந்த மீயைப் போல நீள நீளமாக, ஒன்றோடொன்று கட்டில்லாமல் கிடக்கின்றன. இழுத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். 1839இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது ஒட்டாமல், உருகாமல், உறுதியாகிவிடுவதைக் கண்டார். கந்தகம் அந்த நீள நூல்களுக்கு இடையே ஆங்காங்கே முடிச்சுப் போட்டுவிடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் முடிச்சுகள் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடும். இதோடு கரித்தூளைக் கலந்தால் ரப்பர் தேய்வது வெகுவாகக் குறைகிறது. டயர் கறுப்பாக இருப்பது அந்தக் கரித்தூளால்தான். தொடக்க காலத்து டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன.

இப்போது காடி டயர்களில் பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பரும் கலக்கிறது. ஆனால் லாரி டயரில் மரத்து ரப்பரின் பங்கு அதிகம், விமான டயரில் அதைவிட அதிகம். குறைவாகச் சூடாவதிலும் கிழிசலைத் தாங்குவதிலும் மரத்தை மிஞ்ச ஆலையால் இன்னும் முடியவில்லை. கெடாக்காரர்கள் நாம் இதில் பெருமைப்படலாம். பால் நம்முடையது. அலோர் ஸ்டாரில் பல ஆண்டுகள் டயர் ஆலை நடந்தது. கூலிமில் காடிகளைப் பூட்டுகிறார்கள். குரூணில் மொடேனாஸ் மோட்டார் சைக்கிள் பிறக்கிறது.

சரி, காடிக்கு வருவோம். ஒரு காடி தரையை எவ்வளவு இடத்தில் தொடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கணக்குப் போட்டே பார்க்கலாம்.

சிறிய காடி ஒன்றின் எடை சுமார் 1000 கிலோ. நான்கு டயர்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 250 கிலோ. டயருக்குள் காற்றழுத்தம் 220 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அந்த அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 2.2 கிலோ எடையைத் தாங்கும். 250ஐ 2.2ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 114 சதுர சென்டிமீட்டர். டயரின் சுவரும் கொஞ்சம் தாங்கும், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 114 சதுர சென்டிமீட்டர் எவ்வளவு பெரியது? உங்கள் அப்பாவின் உள்ளங்கையை விரித்து வைத்துப் பாருங்கள். சற்று முன்னே பின்னே அவ்வளவுதான்.

அம்மா, அப்பா, பாட்டி, தங்கை, நீங்கள், முறுக்கு டின், மழை, வெயில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். எல்லாவற்றையும் சாலையோடு பிடித்துவைத்திருப்பது நான்கு உள்ளங்கை ரப்பர்.

சித்தப்பா காடி தாழ்ந்து கிடந்ததே, அங்கே என்ன நடந்தது? எட்டுப் பேர்கூட வேண்டாம், நம் கணக்குக் காடியில் ஐந்து பேரும் சாமானும் ஏறினாலே 1000 கிலோ 1380 கிலோ ஆகிவிடும். அதே 220 அழுத்தத்தில் ஒவ்வொரு டயரும் தொடும் இடம் 114இலிருந்து 157ஆக விரிகிறது. இடம் விரிந்தால் நல்லதுதானே, பிடிப்பு கூடுமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். தொடும் இடம் விரிய வேண்டுமானால் டயர் கூடுதலாக நசுங்க வேண்டும், சுவர் கூடுதலாக மடங்க வேண்டும். ஒருமுறை மடங்கினால் பரவாயில்லை. எத்தனை முறை மடங்குகிறது?

சிறிய காடி டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 17 தடவை சுழலும். டயரின் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு 17 தடவை தரையில் நசுங்கி நிமிர்கிறது. சுங்கை பட்டாணியிலிருந்து கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல்!

இனி ஒரு சோதனை. தடித்த ரப்பர் வளையம் ஒன்றை எடுங்கள். வேகமாக முப்பது தடவை இழுத்து இழுத்து விடுங்கள். உடனே உதட்டில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு தெரிகிறதா? நீங்கள் இழுக்கச் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தைச் சூடாக வைத்துக்கொள்கிறது. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக மடங்கும், அதிகமாக மடங்கினால் அதிகமாகச் சூடாகும். பாரம் ஏறினால் இன்னும் மடங்கும். மேலே வெயில், கீழே கொதிக்கும் தார். ரப்பர் அடுக்குகளைப் பிணைத்த கட்டு தளர்ந்து, ஒரு கட்டத்தில் 'டமார்'. லாரிக்காரர் சொன்ன மூன்று காரணங்களும் இங்கே வந்துவிட்டன, பார்த்தீர்களா?

அதனால்தான் பயணத்துக்கு முன் காற்றுப் பார்க்க வேண்டும். எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருக்கும். காடியைச் செய்தவர்களே அதில் எழுதியிருப்பார்கள்: ஆள் குறைவாக இருந்தால் இவ்வளவு, முழுப் பாரம் என்றால் இவ்வளவு. முழுப் பாரத்துக்கு எண் கூடுதலாக இருக்கும். 250 என்று போட்டிருந்தால் நம் கணக்கை மறுபடி போடுங்கள். 345 கிலோவை 2.5ஆல் வகுத்தால் 138. நசுங்கல் குறைந்துவிட்டது. எண்ணெய் அடிக்கும் நிலையத்தில் காற்றுக் கருவி கிலோபாஸ்கலில்தான் காட்டும். வேண்டிய இலக்கத்தை வைத்துக் குழாயைப் பொருத்தினால் வேலை முடிந்ததும் 'பீப்' என்று கூப்பிடும். காசு கிடையாது.

எப்போது பார்ப்பது என்பதுதான் முக்கியம். உங்கள் தாத்தா பாட்டி ஏன் விடியற்காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய் இருட்டோடு மரம் வெட்டினார்கள் தெரியுமா? தோட்டத்து அதிகாரம் மட்டும் காரணமில்லை. இரவில் இலைகள் நீரை வெளியேற்றுவது குறைவு. மரத்துக்குள் நீர் நிறைந்து, பால் குழாய்களில் அழுத்தம் விடியலில் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். எட்டு மணிக்கு மேல் வெட்டினால் மங்கு நிறையாது என்று எந்தப் பாட்டியும் சொல்வார்.

டயரையும் விடியலில்தான் பார்க்க வேண்டும். ஆனால் காரணம் நேர் எதிர். டயரில் அழுத்தம் சூட்டோடு ஏறும். காற்று மூலக்கூறுகள் சூடானால் வேகமாக ஓடி டயர்ச் சுவரில் பலமாக மோதும். காலையில் 27 பாகை செல்சியஸில் 220 கிலோபாஸ்கல் இருந்த டயர், ஓடி ஓடி 57 பாகைக்கு வந்தால் சுமார் 250 காட்டும். காற்று ஒரு துளிகூட ஏறவில்லை, எண் மட்டும் ஏறியிருக்கிறது. வழியில் ஓய்விடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "அடடா, கூடிப்போச்சு" என்று காற்றை இறக்கிவிடுபவர்கள் உண்டு. இறக்காதீர்கள் என்று சொல்லுங்கள். டயர் ஆறியதும் அது காற்றுக் குறைந்த டயர் ஆகிவிடும். ஒட்டுத்தாளில் உள்ள எண் ஆறிய டயருக்குரியது. காடி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு, வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் அடித்துக்கொள்வதே முறை.

காற்றோடு டயரின் வயதையும் பாருங்கள். இது உங்களுக்கு ஏற்ற துப்பறியும் வேலை. டயரின் சுவரில் ஒரு சிறு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3222 என்றால் 2022ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் பிறந்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெயிலும் அந்த மீ முடிச்சுகளை மாற்றி, ரப்பரை இறுக்கி, வெடிப்பு விழச் செய்யும். சுவரில் முடி போல் வெடிப்புகள் தெரிந்தால் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பட்டறைக்குப் போய்ப் போர்மனிடம் கேட்க வேண்டிய நேரம் அது.

தீபாவளிக்குப் பயணம் போகிறவர்கள் மழையை மறக்கக் கூடாது. அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் மாலையானால் கொட்டுகிறதே! டயரில் வரி வரியாகப் பள்ளம் வெட்டியிருப்பது அழகுக்கு இல்லை. 18 சென்டிமீட்டர் அகல டயர், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், 3 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் ஓடுகிறது என்றால், நொடிக்கு 25 மீட்டர் போகும். பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு நொடியும் 13 லிட்டருக்கு மேல் தண்ணீரை அது ஒதுக்க வேண்டும். ஒரு நொடியில் ஒரு வாளித் தண்ணீர், அதுவும் ஒரே டயர்! அந்தத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள்தான் அந்தப் பள்ளங்கள். தேய்ந்து வாய்க்கால் தூர்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை. டயர் அதன் மேல் ஏறி மிதக்கும். மிதக்கும்போது உள்ளங்கை தரையைத் தொடுவதில்லை. ஓட்டுபவர் திருப்பினாலும் திரும்பாது, பிரேக் அழுத்தினாலும் நிற்காது. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடு இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. டயர் புதிதாகவே இருந்தாலும், கனமழையில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

இப்போது ரப்பர் கொட்டைக்குத் திரும்புவோம். விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகும் குடும்பங்கள் அதிகம். ஏறும்போது எல்லோரும் என்ஜினைப் பற்றிக் கவலைப்படுவார்கள். நானோ இறங்குவதைப் பற்றித்தான் கவலைப்படுவேன். 1380 கிலோ காடி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடும் ஆற்றலைச் சூடாக மாற்றினால், சாதாரணக் குழாய்த் தண்ணீர் 45 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலாகவே இறங்குகிறோம். வழி முழுவதும் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் இவ்வளவு சூடும் பிரேக் கட்டைகளுக்கும் தட்டுகளுக்கும்தான் போகும். சிமெந்தில் தேய்த்த கொட்டையின் கதைதான், பல்லாயிரம் மடங்கு பெரிதாக.

சூடு மீறினால் பிரேக் கட்டையின் பிடிப்பு தளரும். பழைய பிரேக் எண்ணெய் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் சேரச் சேர அது குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொதித்தால் குழாயில் குமிழ்கள். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, குமிழை அழுத்தினால் சுருங்கிவிடும். கால் உள்ளே போகும், காடி நிற்காது. அதனால் நெடும் பயணத்துக்கு முன் பிரேக் எண்ணெயைப் போர்மன் பார்க்கட்டும். மலையிறக்கத்தில் சின்ன கியரில் இறங்கினால் என்ஜினே காடியைப் பிடித்து இழுக்கும். என்ஜின் உறுமும், பயப்பட வேண்டாம். பிரேக்குக்கு ஓய்வு கொடுக்கிற உறுமல் அது.

ரேடியேட்டரைப் பற்றி ஒன்றே ஒன்று, ஆனால் அழுத்திச் சொல்கிறேன். சூடான என்ஜினின் ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்கக் கூடாது. மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகை வரைகூடத் திரவமாக இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விழும், ஆவியும் கொதிநீருமாகச் சீறி முகத்தில் அடிக்கும். வீட்டு பிரஷர் குக்கரை விசிலடிக்கும்போது அம்மா திறக்கிறாரா? அதே விதிதான். தண்ணீர் அளவு பார்ப்பதும் விடியல் வேலைதான். என்ஜின் எண்ணெய், பேட்டரி, விளக்குகள், மழை துடைப்பான் எல்லாவற்றையும் போர்மன் கால் மணி நேரத்தில் பார்த்துவிடுவார்.

பின் இருக்கையில் உட்காரும் உங்களுக்கென்றே ஒரு பொறுப்பு இருக்கிறது. 2009 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் பின்னால் இருப்பவர்களும் இடைவார் போட வேண்டும் என்பது சட்டம். சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். காடி மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடினால் நீங்களும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். காடி திடீரென்று நின்றாலும் உங்கள் உடல் நிற்காது. எங்கள் சித்தப்பா காடியில் பின்னால் ஆறு பேர் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். அன்று தப்பியதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டில் செய்ய ஒரு கணக்கு தருகிறேன். உங்கள் சைக்கிளின் பின் டயரை நனைத்து, கட்டம் போட்ட தாளின் மேல் மெதுவாக இறக்கி வையுங்கள். நண்பர் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள நீங்கள் ஏறி உட்காருங்கள். இறங்கி, ஈரம் பட்ட கட்டங்களை எண்ணுங்கள். பிறகு கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு இன்னொரு தாளில் அதையே செய்யுங்கள். கட்டங்கள் எத்தனை கூடின? அந்த இரண்டு தாள்களையும் பயணத்துக்கு முந்தின நாள் அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதை அந்தத் தாள்களே சொல்லிவிடும்.

எங்கள் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று லாரிக்காரர் கிழிந்த டயரைக் கழற்றியதும் சித்தப்பா மரவள்ளிக்கிழங்குச் சாக்கை இறக்கிவைத்து, அடியிலிருந்து மாற்று டயரை எடுத்தார். அதிலும் காற்றில்லை. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போய்க் காற்றடித்துத் திரும்பும் வரை இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம். பாட்டிக்கு மயக்கம் வந்துவிட்டது. இப்போது சில காடிகளில் மாற்று டயருக்குப் பதிலாக ஒட்டுப் பசையும் சிறு காற்றுக் கருவியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் காடியில் இருப்பது எது என்று தெரியுமா? சாமான் ஏற்றுவதற்கு முன், பெட்டியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.